சுரக்கட்டியை அளந்த கதை

எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என அளவை நான்கு என்பது தமிழாசிரியர் யாவரும் ஆகுபெயர்ப் பாடத்தில் மாணவர்க்குச் சொல்லிக் கொடுப்பது. தேங்காயை எண்ணுகிறோம், பொன்னை நிறுக்கிறோம், நெல்லை முகக்கிறோம், துணியை நீட்டி அளக்கிறோம். எதனை எவ்வாறு அளப்பது என்பதில் நமக்குத் தடுமாற்றம் இல்லை. ஆனால், உயிருள்ள உடலின் உள்ளே வளர்ந்து நிற்கும் ஒரு கட்டியை எவ்வாறு அளப்பது? அதனை வெளியே எடுத்துத் தராசில் இட முடியாது. படியில் முகக்கவும் முடியாது. எஞ்சியிருப்பவை எண்ணலும் நீட்டலும் மட்டுமே. இவ்விரண்டையும் கொண்டு மற்ற இரண்டையும் உய்த்துணர வேண்டும்.

இன்றைய புற்றுநோய் ஆய்வுக்கூடங்களில், சுண்டெலியின் தோலுக்கடியில் வளரும் கட்டியை அளக்கும் முறைகளுள் எது சிறந்தது என்று அறிஞர்கள் ஒப்பிட்டு ஆராய்கின்றனர். ஏறத்தாழ இதே வினா நூறாண்டுகளுக்கு முன் மலாயாத் தோட்டங்களிலும் எழுந்தது. அங்கே அளக்கப்பட்டது எலியின் கட்டியன்று. தோட்டத் தமிழ்க் குழந்தைகளின் வயிற்றில் இருந்த கட்டி. அந்த அளவையைப் பொறுத்தே ஒரு தோட்டத்தில் வடிகால் வெட்டப்படுமா, படாதா என்பது முடிவாயிற்று. ஆகவே இக்கதை மருத்துவர்க்கு மட்டும் உரியதன்று. நம் மக்களின் வரலாற்றிலும் ஒரு பகுதியாகும்.

சுரக்கட்டி என்பது யாது?

விட்டுவிட்டு வரும் குளிர்காய்ச்சல் பலமுறை தாக்கிய உடலில், இடப்பக்க விலாவின் கீழே கெட்டியான ஒரு திரட்சி கைக்குத் தட்டுப்படும். அதனைத் தமிழ் மக்கள் சுரக்கட்டி என்றனர். பெயர் கட்டியாயினும் அது புதிதாக முளைத்தது அன்று. எல்லாருடைய உடலிலும் உள்ள மண்ணீரலே அவ்வாறு வீங்கி இறங்கி வருகிறது.

வளர்ந்த ஒருவரின் மண்ணீரல் ஏறக்குறைய 150 கிராம் எடையுடையது. விலாவெலும்புக் கூட்டுக்குள் மறைந்திருப்பது. கெட்டுப்போன சிவப்பணுக்களை இரத்தத்திலிருந்து வடித்து அழிப்பது அதன் தொழில்களுள் ஒன்று. மலேரியாவின் ஒட்டுண்ணி சிவப்பணுவுக்குள் குடிபுகுவது. அத்தகைய அணுக்களை ஓயாது வடித்தெடுக்கும் உழைப்பினால் மண்ணீரல் பருக்கிறது. இயல்பைப்போல் இரண்டு மூன்று மடங்கு பெருத்த பிறகே அது விலாவுக்கு வெளியே விரலுக்கு எட்டும். நாட்பட்ட நோயில் ஒரு கிலோவுக்கும் மேற்பட்டு, தொப்புளைக் கடந்து இறங்குவதும் உண்டு. அப்படிப் பெருத்த மண்ணீரல் ஒரு சிறு அடிபட்டாலும் கிழிந்து உயிருக்கே இறுதி ஆகலாம்.

காய்ச்சல் வந்து போய்விடும். எத்தனை முறை வந்தது என்று கேட்டால் தாய்க்கும் சரியாகச் சொல்ல வராது. மண்ணீரலோ அதன் அடையாளத்தைப் பல மாதங்கள் தாங்கி நிற்கும். இதனால்தான் மருத்துவர்கள் ஓர் ஊரின் நோய் நிலையை அறிய அவ்வூர் மக்களின் மண்ணீரலைத் தேடிச் சென்றனர். இதுவும் ஒருவகை ஆகுபெயரே. மண்ணீரல் என்று எழுதினார்கள்; மலேரியா என்று படித்தார்கள்.

கால்வாய்க் கரையில் முதற் கணக்கு

இம்முறையின் தொடக்கம் வட இந்தியாவில் நிகழ்ந்தது. யமுனையிலிருந்து வெட்டிய கால்வாய்களின் ஓரத்தில், கர்னால் முதலிய ஊர்களில் காய்ச்சல் மிகுந்திருந்தது. அதன் காரணத்தை ஆராய 1845ஆம் ஆண்டில் ஒரு குழு அமைக்கப்பட்டது. பேக்கர், டெம்ஸ்டர், யூல் ஆகிய மூவர் அதில் இருந்தனர். அறிக்கை 1847இல் வெளிவந்தது. குழுவில் மருத்துவராயிருந்தவர் டெம்ஸ்டர்.

மலேரியாவின் ஒட்டுண்ணியை லாவரான் கண்டது 1880இல்; கொசுவின் உடலில் அதனை ரொனால்டு ராஸ் செகந்தராபாத்தில் கண்டது 1897இல். இவ்விரண்டுக்கும் பல்லாண்டு முன்னரே, நோயின் காரணம் யாதென்று அறியாமலே, டெம்ஸ்டர் நோயின் அளவை அறிய வழி கண்டார். ஊரூராகச் சென்று மக்களின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, எத்தனை பேரில் எத்தனை பேருக்கு மண்ணீரல் பெருத்திருக்கிறது என்று எண்ணினார். நீர் தேங்கும் நிலத்தில் எண்ணிக்கை ஏறுவதும், நீர் வடியும் நிலத்தில் அது தாழ்வதும் புலனாயின. நூற்றுக்கு இத்தனை என்னும் அந்தக் கணக்கே பின்னர் மண்ணீரல் விகிதம் என்று பெயர் பெற்றது. நான்கு அளவைகளுள் இது எண்ணல்.

கிள்ளானிலிருந்து குன்றுகளுக்கு

மலாயாவில் இக்கணக்கைத் தோட்டங்கள்தோறும் கொண்டு சென்றவர் டாக்டர் மால்கம் வாட்சன். அவர் 1901இல் கிள்ளான் வட்டாரத்தின் மருத்துவராகப் பொறுப்பேற்றார். அவ்வாண்டில் கிள்ளான் நகரும், புதிதாகத் திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகமும் (இன்றைய கிள்ளான் துறைமுகம்) காய்ச்சலால் சீரழிந்தன. இவ்விரு இடங்களிலும் 1901இல் நேர்ந்த இறப்பு 582. சதுப்பைத் தூர்த்து, காட்டை வெட்டி, வடிகால் அமைத்த பிறகு 1902இல் இறப்பு 144 ஆகக் குறைந்தது. உலகில் மலேரியாத் தடுப்பு முதன்முதல் வெற்றி கண்ட இடங்களுள் கிள்ளான் ஒன்று.

நகரத்தில் இறப்பை எண்ணினால் போதுமாயிருந்தது. தோட்டத்தில் அது போதவில்லை. அங்கே ஆட்கள் வருவதும் போவதுமாக இருந்தனர். இன்று நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்தவர் அடுத்த ஆண்டு வேறொரு தோட்டத்தில் இருப்பார்; நோய் முற்றினால் ஊருக்கே திரும்பிவிடுவார். அவர் உடலிலுள்ள கட்டி எந்த ஊரின் கொடை என்று எவ்வாறு அறிவது? ஆகவே வாட்சன் குழந்தைகளை நோக்கினார். தோட்டத்திலேயே பிறந்து, லயத்திலேயே வளரும் பிள்ளையின் மண்ணீரல் அந்தத் தோட்டத்தின் கொசுவுக்கே சாட்சி. தோட்டத்தின் பெயர், பார்க்கப்பட்ட பிள்ளைகள் எத்தனை, அவர்களுள் மண்ணீரல் பெருத்தவர் எத்தனை, நூற்றுக்கு எத்தனை என்று அவர் அட்டவணை வகுத்தார். அவற்றை 1911இல் வெளியிட்ட தம் நூலிலும், 1921இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பிலும் காணலாம்.

அந்த அட்டவணைகள் ஒரு வியப்பான உண்மையை வெளிப்படுத்தின. கடலோரச் சமநிலத் தோட்டங்களில் காடு வெட்டி வடிகால் வெட்டியதும் விகிதம் தாழ்ந்தது. குன்றோரத் தோட்டங்களிலோ அதே வேலையைச் செய்தும் தாழவில்லை. சில இடங்களில் ஏறியது. வேலையில் குறையில்லை, நிலம் வேறு, கொசுவும் வேறு. சமநிலத்தில் நோயைப் பரப்பியது அனாபிலிஸ் அம்புரோசஸ் என்னும் கொசு. அது நிழலடர்ந்த சதுப்பில் பெருகுவது. குன்றில் பரப்பியது அனாபிலிஸ் மாக்குலேட்டஸ். அது வெயில் படும் தெளிந்த ஓடையில் பெருகுவது. காட்டை வெட்டியபோது முதற் கொசுவின் நிழல் போயிற்று. இரண்டாம் கொசுவுக்கு வெயில் கிடைத்தது. ஒரு நிலத்துக்கு மருந்தானது மறு நிலத்துக்கு நஞ்சாயிற்று.

இதனை அறிந்த பின்னரே குன்றோடைகளைத் திறந்த வாய்க்காலாக விடாமல், நிலத்தடியில் குழாய் பதித்து நீரை மறைத்துச் செலுத்தும் முறை கைக்கொள்ளப்பட்டது. சிலாங்கூரின் சீஃபீல்டு தோட்டத்தில் 1911 அளவில் இவ்வேலை தொடங்கிற்று. பின்னர் ஓடைகளில் வாரந்தோறும் எண்ணெய் தெளிக்கும் முறையும் பரவிற்று.

இவற்றுக்கெல்லாம் பணம் வேண்டும். பணம் தரவேண்டியவர் தோட்ட முதலாளிகள். அவர்களைக் கேட்க வைக்க ஒரு சான்று வேண்டும். அதே 1911இல் கூட்டு மலாய் நாடுகளின் தோட்டங்களில் இருந்த தொழிலாளர் 1,43,614 பேர். அவ்வாண்டில் மாண்டவர் 9,040 பேர். ஆயிரத்துக்கு ஏறக்குறைய 63 பேர் என்று ஆகிறது. தொழிலாளருள் பெரும்பகுதியினர் தென்னிந்தியர். மாண்டவர் அனைவரும் மலேரியாவால் மாண்டவரல்லர். வயிற்றுப்போக்கும் கொக்கிப்புழுவும் பிறவும் உண்டு. எந்தத் தோட்டத்தில் எவ்வளவு பங்கு மலேரியாவுடையது என்பதை இறப்புக் கணக்கு பிரித்துக் காட்டாது. குழந்தைகளின் மண்ணீரல் காட்டியது. அந்த எண், துரையின் மேசைமேல் வைக்கக்கூடிய சான்றாயிற்று.

எண்ணலா, நீட்டலா?

எண்ணிக்கை மட்டும் போதுமா என்னும் ஐயம் விரைவில் எழுந்தது. நூற்றுக்கு ஐம்பது பிள்ளைகளுக்கு மண்ணீரல் பெருத்திருக்கிறது என்றால், விரல் நுனிக்குச் சற்றே தட்டுப்படும் மண்ணீரலும் ஒன்று. தொப்புள்வரை இறங்கிய மண்ணீரலும் ஒன்று. எண்ணுபவர் கணக்கில் இரண்டும் சமம். நோயுற்ற பிள்ளைக்கு அவை சமமா?

இக்குறையைத் தீர்க்க முயன்றவர் ரொனால்டு ராஸ். தமிழரும் வாழும் மொரிசியசுத் தீவுக்கு அவர் 1907இல் சென்று மலேரியாவை ஆராய்ந்து, 1908இல் அறிக்கை தந்தார். பள்ளிகளிலும் தோட்டங்களிலும் ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் மண்ணீரல் பார்க்கப்பட்டது. பெருக்கம் இல்லாதது 1, சிறிது பெருத்தது 3, நடுத்தரமாகப் பெருத்தது 6, மிகப் பெருத்தது 9 என அவர் மதிப்பு வகுத்தார். இயல்பான மண்ணீரலைப்போல் எத்தனை மடங்கு என்பதே இம்மதிப்பின் பொருள். எல்லாப் பிள்ளைகளின் மதிப்பையும் கூட்டி, தலைக்கு வகுத்தால் கிடைப்பது சராசரி மண்ணீரல்.

ஒரு கற்பனைக் கணக்கால் இதன் பயனைக் காண்போம். இரண்டு தோட்டங்கள், ஒவ்வொன்றிலும் நூறு பிள்ளைகள், ஒவ்வொன்றிலும் ஐம்பது பேருக்கு மண்ணீரல் பெருத்திருக்கிறது. விகிதம் இரண்டிலும் 50. முதற் தோட்டத்தில் அந்த ஐம்பதும் சிறியவை. ஆகவே சராசரி 2. இரண்டாம் தோட்டத்தில் ஐம்பதும் மிகப் பெரியவை, சராசரி 5. எண்ணல் காட்டாத வேறுபாட்டை முகத்தல் காட்டிவிட்டது. ஆனால் இது கண்ணளவான முகத்தல். சிறிது, நடுத்தரம், மிகப் பெரிது என்பவற்றின் எல்லையை யார் வகுப்பது? ஒரு மருத்துவருக்கு ஆறாகத் தோன்றுவது மற்றொருவருக்கு ஒன்பதாகத் தோன்றலாம்.

ஆதலின் சிலர் நீட்டலளவையை நாடினர். விலாவின் ஓரத்திலிருந்து மண்ணீரலின் நுனி எத்தனை விரற்கடை இறங்கியிருக்கிறது என்று குறிப்பது வழக்கமாயிற்று. விரற்கடை நம்மவர்க்குப் பழகிய அளவே; யாருடைய விரல் என்பதுதான் அதன் குறை. சுமத்திராவின் தோட்டங்களில் பணியாற்றிய ஷுஃப்னர் என்னும் மருத்துவர், விரலை விட்டு நோயாளியின் உடலையே அளவுகோலாக்கினார். விலாவுக்கும் தொப்புளுக்கும் இடையே நான்கு பங்கு, தொப்புளுக்குக் கீழே நான்கு பங்கு என எட்டுப் படி வகுத்தார்.

இந்தியாவில் கிறிஸ்டோபர்ஸ் இதனை மேலும் நுணுக்கமாக ஆராய்ந்தார். அவரும் பென்ட்லியும் வங்காளத்தின் டுவார்ஸ் தேயிலைத் தோட்டங்களில் மலேரியாவை ஆராய்ந்தவர்கள். நோய்க்குப் பழகாத புது ஆட்கள் ஓயாது வந்து குவிவதே தோட்டத்தில் நோய் அணையாதிருக்க ஒரு காரணம் என்பதை அவர்கள் எடுத்துக் காட்டினர். பின்னர் 1924இல் வெளியான தம் சிங்பூம் ஆய்வில் கிறிஸ்டோபர்ஸ் மண்ணீரலின் நுனிக்கும் தொப்புளுக்கும் உள்ள தொலைவை அளந்தார். இரண்டு வயதுக் குழந்தைக்கு மூன்று விரற்கடை என்பதும் பத்து வயதுப் பிள்ளைக்கு மூன்று விரற்கடை என்பதும் ஒன்றாகா. ஆகவே பிள்ளையின் உடலளவுக்கு ஏற்பத் திருத்தம் செய்தே ஒப்பிட வேண்டும் என்றார். இது மிகச் செம்மையான முறை. ஆயினும் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் வரிசையில் நிற்கும் தோட்டத்தில் ஒவ்வொருவருக்கும் நாடா பிடித்து அளந்து கணக்கிட யாருக்கு நேரம்?

செம்மைக்கும் எளிமைக்கும் இடையே ஒரு நடுவழியை 1944இல் ஹாக்கெட் வகுத்தார். ஆழ்ந்து மூச்சிழுத்தும் விரலுக்குத் தட்டுப்படாதது 0. மூச்சிழுத்தால் மட்டும் தட்டுப்படுவது 1. விலாவுக்கும் தொப்புளுக்கும் நடுக்கோட்டைத் தாண்டாதது 2. தாண்டியும் தொப்புளுக்குக் கீழே செல்லாதது 3. தொப்புளையும் கடந்தது 4. அதற்கும் கீழே அடிவயிற்றின் பாதியைக் கடந்தது 5. பெருத்த மண்ணீரல்களை மட்டும் எடுத்துச் சராசரி கண்டால், நோய் எத்தனை பேரைத் தொட்டது என்பதோடு எவ்வளவு ஆழமாகத் தொட்டது என்பதும் தெரியும். உலகச் சுகாதார நிறுவனம் 1950இல் கம்பாலாவில் கூட்டிய மாநாடு, நாடுகளின் மலேரியா நிலையை நான்காக வகுத்தபோது அடிப்படையாகக் கொண்டது மண்ணீரல் விகிதத்தையே. சிறுவரின் விகிதம் நூற்றுக்கு 10க்கு மேற்படாவிட்டால் மிகக் குறைந்த நிலை. 11 முதல் 50 வரை நடுநிலை. 50க்கு மேல் கடுநிலை. 75க்கு மேல் அனைவரையும் பற்றிய நிலை. டெம்ஸ்டரின் எளிய எண்ணல் நூறாண்டு கடந்தும் நிலைத்துவிட்டது.

கை கண்டதும் காணாததும்

இத்தனை முறைகளுக்கும் அடிப்படை ஒரு மருத்துவரின் கைதான். கையின் குறை முறையின் குறையாகும். அழுகின்ற குழந்தை வயிற்றை இறுக்கிக் கொள்ளும். மண்ணீரல் விரலுக்கு எட்டாது. நிற்க வைத்துப் பார்ப்பதும் படுக்க வைத்துப் பார்ப்பதும் ஒரே விடை தருவதில்லை. விலாவைத் தாண்டாத சிறு பெருக்கத்தைக் கை அறியவே அறியாது. மேலும், மலேரியா ஒன்றே மண்ணீரலைப் பெருக்க வைப்பது அன்று. வேறு காய்ச்சல்களும் இரத்த நோய்களும் அதனைச் செய்யும்.

இன்னொன்று காண்க. நோய் இடைவிடாது தாக்கும் நாடுகளில் வளர்ந்தவர்களின் உடல் அதற்குப் பழகி, மண்ணீரல் மீண்டும் சுருங்கிவிடுகிறது. அங்கே பெரியவர்களை மட்டும் பார்த்து எண்ணினால் நோய் குறைவு என்று தவறாக முடிவு செய்ய நேரும். பிள்ளைகளின் விகிதம் மிகுந்தும் பெரியவர்களின் விகிதம் குறைந்தும் இருப்பதே அங்குக் கடுமையின் அறிகுறி.

இலங்கையில் 1934–35இல் பரவிய பெருங்கொள்ளைநோய் மற்றொரு பாடத்தைத் தந்தது. ஏறக்குறைய 80,000 பேர் அதில் மாண்டனர். நோய் மிகக் கொடுமையாகத் தாக்கிய இடங்களுள் கேகாலைப் பகுதி ஒன்று. அங்கே மலேரியா முன்னர் அதிகம் இல்லை. மழை பொய்த்து ஆறுகள் குட்டை குட்டையாகத் தேங்கியபோது கொசு பெருகிற்று. நோய்க்குப் பழகாத மக்கள் குடும்பம் குடும்பமாக வீழ்ந்தனர். சுரக்கட்டி இல்லாமை நோய் இன்மையைக் காட்டும். நோயைத் தாங்கும் ஆற்றலைக் காட்டாது. மண்ணீரல் கடந்த காலத்துக்குச் சாட்சியேயன்றி வருங்காலத்துக்குச் சோதிடம் அன்று.

இதனால் மண்ணீரலோடு வேறு அளவைகளும் சேர்ந்தன. இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் பூசி நுண்ணோக்கியில் பார்த்தால் ஒட்டுண்ணி இன்று இருக்கிறதா என்பது தெரியும். கொசுவைப் பிடித்து அறுத்துப் பார்த்தால் நோயைப் பரப்புவது எது என்பது தெரியும். மண்ணீரல் சென்ற சில ஆண்டுகளைச் சொல்கிறது. இரத்தம் இன்றைய நாளைச் சொல்கிறது. கொசு வரவிருக்கும் வாரங்களைச் சொல்கிறது. இம்மூன்றும் ஒன்றோடொன்று முரண்படுவது போலத் தோன்றும் இடங்களில், அவை வெவ்வேறு வினாக்களுக்கு விடை கூறுகின்றன என்பதே உண்மை.

சுண்டெலியும் வெர்னியர் அளவியும்

இனி, தொடக்கத்தில் குறிப்பிட்ட சுண்டெலிக்கு வருவோம். ஓர் எலியின் கட்டியை மற்றோர் எலிக்கு மாற்றி, தலைமுறை தலைமுறையாக வளர்க்கலாம் என்பதை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோபன்ஹேகனின் யென்சன் காட்டினார். அன்று முதல் புதிய மருந்துகள் எலியின் கட்டியில் சோதிக்கப்படுகின்றன. மருந்து பெற்ற எலியின் கட்டி, பெறாத எலியின் கட்டியைவிட மெல்ல வளர்கிறதா என்பதே வினா. விடை முழுவதும் அளவையில் தொங்குகிறது.

எலியைக் கொல்லாமல் நாள்தோறும் கட்டியை நிறுக்க முடியாது. ஆகவே வெர்னியர் அளவியால் கட்டியின் நீளத்தையும் அகலத்தையும் அளப்பர். அகலத்தை அகலத்தால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, பாதியாக்கினால் கன அளவு என்று கொள்வர். உயரமும் அகலமும் ஒன்றே என்னும் ஊகம் இதில் அடங்கியிருக்கிறது. ஒரு கட்டியின் நீளம் 10 மில்லிமீட்டர், அகலம் 8 என்றால் கன அளவு 320 கன மில்லிமீட்டர். அளப்பவர் கை சற்றே பிசகி அகலத்தை 9 என்று எழுதிவிட்டால் விடை 405. ஒரே ஒரு மில்லிமீட்டர் பிழையில் கட்டி கால் பங்குக்கு மேல் வளர்ந்துவிட்டது! அதே கட்டி தட்டையாக இருந்து, உயரம் 5 மட்டுமே என்றால், மூன்று அளவையும் பெருக்கி 0.52 மடங்கு காணும் முட்டை வடிவக் கணக்கில் விடை ஏறக்குறைய 209 ஆகிறது.

பல சூத்திரங்களையும் 1989இல் ஒப்பிட்ட ஓர் ஆய்வு, கட்டியை எடுத்து நிறுத்த எடையோடு நன்கு பொருந்துவது மூன்று அளவையும் கொள்ளும் முட்டை வடிவக் கணக்கே என்று கண்டது. ஊடுகதிர் கொண்டு சிறு உடலை அடுக்கடுக்காகப் படம் பிடிக்கும் ஸ்கேன் கருவி, வெர்னியர் அளவியைவிடச் செம்மையாக அளக்கிறது என்று 2008இல் மற்றோர் ஆய்வு காட்டிற்று. ஆனால் அக்கருவி விலை மிக்கது. எலியை மயக்கவும் வேண்டும். ஆகவே பெரும்பாலான கூடங்களில் வெர்னியர் அளவியே இன்றும் ஆட்சி செய்கிறது. வரிசையில் நின்ற பிள்ளைகளுக்கு நாடா பிடிக்க நேரமில்லாத அதே நிலை!

கையின் பிழையை நேரே சோதித்தவர்களும் உண்டு. அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் மோர்ட்டல், ஹான்லி என்னும் இருவர் 1976இல் வெளியிட்ட ஆய்வு அது. பன்னிரண்டு உருண்டைகளை மெத்தென்ற விரிப்பின் கீழ் வைத்து, தேர்ந்த புற்றுநோய் மருத்துவர் பதினாறு பேரைத் தொட்டு அளக்கச் செய்தனர். கட்டி பாதியளவு சுருங்கினால்தான் குணம் என்று விதி வைத்தாலும், நூற்றுக்கு ஏழெட்டு முறை கையின் பிழையே குணமாகக் கணக்கில் ஏறிவிடும் என்று கண்டனர். கால் பங்கு சுருங்கினாலே குணம் என்றால் பிழை நூற்றுக்கு இருபதை ஒட்டிச் சென்றது. உருண்டைகளோ சிறிதும் சுருங்கவில்லை.

இதற்கு ஆய்வுக்கூடத்தார் கண்ட மருந்து இரண்டு. ஒன்று, தொடக்கம் முதல் முடிவு வரை ஒருவரே அளத்தல். மற்றொன்று, எந்த எலி மருந்து பெற்றது என்பதை அளப்பவர் அறியாதிருத்தல். இரண்டாவதை நாம் ஊன்றி நோக்க வேண்டும். தோட்டங்களில் வடிகாலுக்கு வழி கூறியவரும், வடிகாலால் விகிதம் தாழ்ந்ததா என்று பார்த்தவரும் பெரும்பாலும் ஒருவரே. தம் வேலை பலித்தது என்று காண விரும்பாதவர் யார்? இது யாரையும் குறை கூறுவதன்று, மனித இயல்பு. வாட்சனின் கணக்கு நம்பத்தக்கதாயிருப்பது, மண்ணீரலோடு இறப்புக் கணக்கும் கொசு ஆய்வும் அதே திசையைக் காட்டியதால்தான். ஒரே சாட்சியை நம்பித் தீர்ப்பளித்தல் ஆகாது என்பது நீதிமன்றத்துக்கு மட்டும் உரிய விதியன்று.

மலைமேல்

பிரிஞ்சாங்கில் தேயிலை கொய்வோர்க்கு இக்கதை தொலைவானதாகத் தோன்றலாம். வில்லியம் கேமரன் இம்மலைநாட்டை 1885இல் நில அளவை செய்தார். போ தேயிலைத் தோட்டம் 1929இல் தொடங்கிற்று. கீழ்நாட்டு ரப்பர்த் தோட்டங்கள் காய்ச்சலோடு போராடிக் கற்ற பாடத்துக்குப் பின்னரே இங்குத் தேயிலை வந்தது.

உயரமும் இங்கே துணை நிற்கிறது. கொசுவின் உடலுக்குள் ஒட்டுண்ணி முதிர்வதற்குச் சூடு வேண்டும். மலேரியா வகைகளுள் கொடியதான ஃபால்சிபாரம், ஏறக்குறைய 18 பாகை செல்சியஸுக்குக் கீழே முதிர்வதில்லை. மலைநாட்டின் சராசரி வெப்பமோ அந்த எல்லையை ஒட்டியது. கொசு இருந்தாலும் நோய் முதிர இடமில்லாத குளிர் இது. ஆகவே கீழ்நாட்டுத் தோட்டத்தில் வளர்ந்து சுரக்கட்டியோடு மலையேறி வந்த ஒருவரின் மண்ணீரலை இங்கே தொட்டு அளந்தால், அது பிரிஞ்சாங்கின் கணக்கன்று; அவர் விட்டு வந்த தோட்டத்தின் கணக்கு. கட்டியை அளக்குமுன், அது எங்கே வளர்ந்தது என்று கேட்டாக வேண்டும்.

மலேசியாவில் மலேரியா ஒழிப்புத் திட்டம் 1967இல் தீபகற்பத்தில் தொடங்கிற்று. மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா வகைகள் 2018 முதல் தொடர்ந்து சில ஆண்டுகள் உள்நாட்டில் பதிவாகவில்லை. காட்டுக் குரங்கிடமிருந்து கொசுவழி மனிதரைப் பற்றும் நோலசி என்னும் வகை மட்டும் நிலைத்திருக்கிறது. சரவாக்கின் கப்பிட் பகுதியில் மக்களிடையே அது பரவியிருப்பதை 2004இல் வெளியான ஆய்வு காட்டிற்று. காட்டில் வேலை செய்யும் பெரியவர்களை ஒரே தடவையில் வீழ்த்தும் இந்நோய்க்குப் பிள்ளைகளின் மண்ணீரல் சாட்சியாகாது. இரத்தச் சோதனையே சாட்சி. நோய் மாறினால் அளவையும் மாறவேண்டும். மண்ணீரலை அளக்கவும் இப்போது மீயொலிக் கருவி வந்துவிட்டது. நீளம், அகலம், தடிப்பு மூன்றையும் அளந்து, எலியின் கட்டிக்குக் கையாளும் அதே 0.52 மடங்குக் கணக்கால் கன அளவு காண்பர். அன்று விரலுக்கு எட்டாது விலாவுக்குள் ஒளிந்த பெருக்கத்தை இன்று அது காட்டிவிடுகிறது.

எண்களுக்குள் இருப்போர்

முறைகளை ஒப்பிட்டுப் பார்த்தோம். முடிவு யாது? செம்மையான முறையே எங்கும் சிறந்தது என்று சொல்ல இயலாது. ஒரு மருந்து கட்டியைக் கால் பங்கு சுருக்கிற்றா என்று அறிய வேண்டுமானால் மில்லிமீட்டர் பிழையும் பெரும் பிழை. ஒரு தோட்டத்தில் வடிகால் வேண்டுமா என்று அறிய வேண்டுமானால், நூறு பிள்ளைகளுள் எழுபது பேருக்குக் கட்டி இருக்கிறது என்னும் பருவெட்டான எண்ணே போதும். நாடாவும் கருவியும் வரும்வரை அன்று காத்திருந்தால் இன்னும் பல பிள்ளைகள் மாண்டிருப்பார்கள். வினாவுக்கு ஏற்ற அளவையைத் தேர்ந்து, அதன் குறையை மறவாமல் கையாள்வதே அறிவு.

அந்த அட்டவணைகளில் தோட்டத்தின் பெயர் உண்டு. பிள்ளைகளின் பெயர் இல்லை. முப்பது பேர், இருபத்தொருவர், நூற்றுக்கு எழுபது என்ற முறையில் அவர்கள் எண்ணாக நிற்கின்றனர். கொய்னாவின் கசப்பைக் குடித்து, வீங்கிய வயிற்றோடு ஆயாக்கொட்டகையில் வளர்ந்த அந்தப் பிள்ளைகளுள் பிழைத்தவரின் வழிவந்தோர் இன்று இந்நாட்டில் ஆசிரியராகவும் மருத்துவராகவும் இருக்கின்றனர். நம் தோட்டத் தமிழரின் தொடக்க வரலாற்றை எழுத முற்படுவோர் கப்பற் கணக்கையும் கூலிக் கணக்கையும் புரட்டுவதோடு நின்றுவிடாமல், மண்ணீரல் அட்டவணைகளையும் புரட்ட வேண்டும். எந்தத் தோட்டம் தன் பிள்ளைகளைக் காத்தது, எது காக்கவில்லை என்பதை அவை ஒளிவின்றி எழுதி வைத்திருக்கின்றன.

ஆசிரியர்கள் இதனை வகுப்பிலும் செய்து காட்டலாம். ஒரு களிமண் உருண்டையைச் சற்றே நீள உருட்டித் தடித்த துணிக்கடியில் வைத்து, மாணவர் பத்துப் பேரைத் தொட்டு அளக்கச் சொல்லுங்கள். நீளமும் அகலமும் கொண்டு கன அளவைக் கணக்கிடட்டும். பிறகு களிமண்ணை எடுத்து, மெல்லிய பையில் இறுகக் கட்டி, விளிம்புவரை நீர் நிரப்பிய பாத்திரத்தில் அமிழ்த்தி, வழிந்த நீரை முகந்து பாருங்கள். பத்து விடைகளும் ஒன்றாயிரா. முகந்த நீரோடு முற்றும் பொருந்தவும் மாட்டா. எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என்று மனப்பாடம் செய்த நான்கும், ஒன்றுக்கொன்று ஈடாகாத நான்கு வழிகள் என்பதை மாணவர் அன்று கைப்பட அறிவார்கள்.